அசையும் படத்தின் காலக்கணக்கு: மாறும் சட்டக வீதமும் அதனைச் சீர்செய்யும் முறையும்

திருகோணமலை மாவட்டத்தில், கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்வெளிகளும் தம்பலகாமக் குடாவும் சூழ அமைந்த தம்பலகாமம், ஆதி கோணநாயகர் கோயிலால் பெயர்பெற்ற ஊராகும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் இக்கோயிலில் எழுந்தருளச் செய்யப்பட்டன என்பது தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டுவரும் மரபு. இத்தகைய தொன்மையுடைய ஊர்களின் திருவிழாக்களும், நாதஸ்வர, தவில் கச்சேரிகளும், கூத்துகளும், வயல் வேலைகளும் இன்று பெரும்பாலும் கைத்தொலைபேசிக் கமராக்களாலேயே பதிவாகின்றன. நாளை இவற்றைப் பற்றி அறிய விரும்புவோருக்கு எஞ்சி நிற்கப்போகும் சான்றுகளுள் பெரும்பகுதி இந்தச் சிறு கருவிகள் எழுதும் கோப்புகளாகவே இருக்கும்.

இக்கோப்புகளைக் கையாளும்போது ஒரு குறை அடிக்கடி வெளிப்படுகிறது. தொலைபேசியில் பார்க்கும்போது பிழையின்றி ஓடும் ஒளிப்பதிவு, கணினியிலுள்ள தொகுப்பு மென்பொருளில் ஏற்றப்பட்டதும், தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகப் படமும் ஒலியும் பிரிந்து நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. தவிற்காரரின் கழி தோலில் படுவது ஒரு கணமும், அதன் ஓசை கேட்பது வேறொரு கணமுமாகிறது. பார்ப்பவர் தொலைபேசி பழுதானது என்றோ, கோப்பு கெட்டுவிட்டது என்றோ முடிவு செய்கிறார். உண்மையில் இரண்டும் இல்லை. தொலைபேசி, தான் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் உரிய நேரத்தைக் கோப்பினுள் சரியாகவே எழுதிவைத்திருக்கிறது. அந்த நேரக் குறிப்பை மென்பொருள் பொருட்படுத்தாமல் விடுவதே குறையின் மூலம். இதனை விளங்கிக்கொண்டால் சீர்செய்யும் வழியும் தெளிவாகும்.

சட்டகமும் காலமும்

அசையும் படம் என்பது, அசையாத பல படங்கள் விரைந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும்போது கண்ணும் மூளையும் சேர்ந்து உணரும் தொடர்ச்சியே ஆகும். அந்த அசையாத படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஒரு செக்கனில் எத்தனை சட்டகங்கள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு சட்டக வீதம் எனப்படும். எல்லாச் சட்டகங்களும் சமமான கால இடைவெளியில் அமைந்தால் அது நிலையான சட்டக வீதம். இடைவெளிகள் கூடியும் குறைந்தும் அமைந்தால் அது மாறும் சட்டக வீதம்.

மாறும் வீதம் கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. மௌனப் படக் காலத்துக் கமராக்களுள் பெரும்பாலானவை கையால் சுழற்றப்பட்டவை. ஒளிப்பதிவாளரின் கை வேகத்துக்கேற்ப ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 16 முதல் 20க்கும் மேற்பட்ட சட்டகங்கள் வரை பதிவாயின. அந்தப் படச்சுருளில் எந்தச் சட்டகம் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு எதுவும் இல்லாததால், பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பேணப்படும் 1933ஆம் ஆண்டின் மார்த்தாண்ட வர்மா போன்ற மௌனப் படங்களைத் திரையிடுவோர், படத்திலுள்ள மாந்தரின் நடையையும் அசைவையும் பார்த்தே சரியான வேகத்தை ஊகிக்க வேண்டியவராகின்றனர். ஒலி இல்லாத வரையில் இந்தச் சிறு மாறுபாடு எவரையும் பெரிதும் வருத்தவில்லை.

பேசும் படம் வந்ததும் நிலை மாறியது. படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கீற்றாகப் பதியப்பட்ட ஒலி, சுருள் ஓடும் வேகம் சற்றே கூடினாலும் சுருதி உயர்ந்தும், சற்றே குறைந்தாலும் சுருதி தாழ்ந்தும் கேட்கும். கண் பொறுத்துக்கொண்ட பிழையைக் காது பொறுக்கவில்லை. ஆகவே 1920களின் பிற்பகுதியில் செக்கனுக்கு 24 சட்டகம் என்ற வேகம் பொது அளவாக நிலைபெற்றது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் இருப்பதால், இது நிமிடத்துக்கு 90 அடி என்ற சுருள் வேகமாகும். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் தொடங்கி, தமிழ்த் திரை இந்த அளவுக்குள் வந்தது. பின்னர் தொலைக்காட்சி மின் வழங்கலின் மீடிறனை அடிப்படையாகக் கொண்டது. ஆடலோட்ட மின்சாரம் 60 ஹேர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் 30 சட்டகமும், 50 ஹேர்ட்ஸாக உள்ள நாடுகளில் 25 சட்டகமும் வழக்காயின. 1979இல் தொடங்கிய ஐ.ரி.என். தொலைக்காட்சியும் 1982இல் தொடங்கிய ரூபவாஹினியும் பின்பற்றிய பால் முறை, இந்த 25 சட்டக முறையே ஆகும்.

இவ்வாறு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, திரைப்படத் துறையும் தொலைக்காட்சித் துறையும் வீதம் மாறாது என்ற உறுதியின்மேல் எழுந்தன. தொகுப்பு மென்பொருள்கள் அந்தத் துறைகளின் தேவைக்காக உருவானவை ஆதலால், அவற்றின் காலக்கோடு சமமான கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒன்றாகவே அமைந்தது. வெட்டுமிடம், ஒட்டுமிடம், எழுத்து தோன்றுமிடம் ஆகிய எல்லாம் மணி, நிமிடம், செக்கன், சட்டகம் என்ற எண்ணிக்கையாலேயே குறிக்கப்படுகின்றன. சட்டகத்தின் வரிசை எண்ணை அறிந்தால் அதன் நேரத்தையும் அறிந்ததாகும் என்பதே அக்கணக்கின் அடிப்படை. மாறும் வீதம் உடைப்பது இந்த அடிப்படையைத்தான்.

கைத்தொலைபேசி வீதத்தை மாற்றுவதன் காரணங்கள்

தொலைபேசிக் கமரா தன் வீதத்தை மாற்றுவது பெரும்பாலும் ஒரு நன்மை கருதியே ஆகும். முதற்காரணம் வெளிச்சம். செக்கனுக்கு 30 சட்டகம் எடுக்கும் கமரா, ஒரு சட்டகத்துக்கு ஒளியைச் சேர்க்கக்கூடிய நேரம் அதிகம் போனால் 1/30 செக்கன். அதையே 24 சட்டகமாகக் குறைத்தால் அந்த நேரம் 1/24 செக்கனாக உயர்ந்து, ஒளி 25 வீதம் கூடுதலாகக் கிடைக்கும். மாலைப் பூசை தொடங்கி, பகல் வெளிச்சம் மங்கி, தீபங்களின் ஒளியும் தீவட்டிகளின் ஒளியும் மட்டும் எஞ்சும் கோயில் வீதியில், பல தொலைபேசிகள் தாமாகவே இவ்வாறு வீதத்தைத் தாழ்த்தி, படம் இருண்டு போகாமல் காக்கின்றன. ஐஃபோனின் கமரா அமைப்புகளில் ஆட்டோ எஃப்.பி.எஸ். என்ற பெயரில் காணப்படுவது இந்த ஏற்பாடே.

இரண்டாவது காரணம் கருவியின் உழைப்பு. ஒவ்வொரு சட்டகத்தையும் உணரியிலிருந்து பெற்று, இரைச்சல் நீக்கி, சுருக்கி, நினைவகத்தில் எழுதும் வேலையைத் தொலைபேசியின் மையச் செயலி இடைவிடாமல் செய்கிறது. வெயிலில் நீண்ட நேரம் பதிவு செய்யும்போது கருவி சூடேறி மையச் செயலியின் வேகம் குன்றினாலோ, நினைவகம் எழுதுவதில் பின்தங்கினாலோ, சில சட்டகங்கள் கைவிடப்படுகின்றன. அடுத்து வரும் சட்டகத்தின் நேரக் குறிப்பில் அந்த இடைவெளி அப்படியே தெரியும். மூன்றாவதாக, திரையில் நிகழ்வதைப் பதிவு செய்யும் செயலிகளும் இணையவழிக் கூட்டங்களைப் பதியும் செயலிகளும், படம் மாறாத நேரத்தில் புதிய சட்டகம் எழுதாமல் விட்டு இடத்தைச் சேமிக்கின்றன. ஆகவே இணையவழி வகுப்புகளின் பதிவுகளிலும் இதே குறை பரவலாகத் தோன்றுகிறது.

ஒலியின் நிலை வேறு. ஒலி பொதுவாகச் செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற சீரான வீதத்தில் பதியப்படுகிறது; வெளிச்சம் குறைந்ததற்காக ஒலியின் மாதிரி வீதம் குறைவதில்லை. இதனால் ஒரே கோப்பினுள், சீரான நடையுடைய ஒலித்தடமும் நடை மாறும் படத்தடமும் அருகருகே இருக்கின்றன.

கோப்பினுள் காலம் எழுதப்படும் விதம்

எம்பி4 கோப்பு என்பது வெறும் படங்களின் அடுக்கு அன்று. அப்பிள் நிறுவனம் 1991இல் வெளியிட்ட குவிக்டைம் கோப்பு அமைப்பிலிருந்து வளர்ந்து, பின்னர் பன்னாட்டுத் தர அமைப்பால் ஏற்கப்பட்ட இந்த அமைப்பில், ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கால அலகு குறிக்கப்படுகிறது. ஒரு செக்கனை 600 பங்காகவோ 90,000 பங்காகவோ பிரிப்பது வழக்கம். 24, 25, 30 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடும் என்பதே இவ்வெண்களின் சிறப்பு. 90,000 பங்கு கொண்ட கோப்பில், 30 சட்டக வீதத்தில் ஒரு சட்டகத்தின் ஆயுள் 3,000 அலகாகவும், 25இல் 3,600 அலகாகவும், 24இல் 3,750 அலகாகவும் அமையும்.

ஒவ்வொரு சட்டகமும் எத்தனை அலகு நீடிக்க வேண்டும் என்ற விவரம் கோப்பினுள் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டுள்ளது. வீதம் நிலையானதானால் அந்த அட்டவணைக்கு ஒரே வரி போதும்: இத்தனை சட்டகங்கள், ஒவ்வொன்றும் 3,000 அலகு. வீதம் மாறினால், 3,000, 3,010, 2,990, 3,750 என்று வரிகள் பெருகிக்கொண்டே போகும். தொலைபேசியின் இயக்கி மென்பொருள் இந்த அட்டவணையை வரி பிசகாமல் வாசித்து, ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய நேரம் வரை திரையில் நிறுத்துகிறது. அதனாலேயே தொலைபேசியில் படமும் ஒலியும் ஒன்றியிருக்கின்றன.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். குளத்தின் நீர்மட்டத்தை ஒருவர் நாள்முழுதும் அளந்து, காலை ஐந்து முறையும் மாலை இரண்டு முறையுமாக, ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் அளந்த நேரத்தைக் குறித்துவைத்ததாகக் கொள்ளலாம். அந்த நேரங்களைப் பார்த்து வரைபவருக்கு நீர் ஏறி இறங்கிய வரலாறு உள்ளபடி கிடைக்கும். நேரங்களைப் பாராமல், ஏழு அளவுகளையும் ஏழு சம இடைவெளியில் வைத்து வரைபவருக்கோ, ஓர் அளவும் பொய்யாகாதிருந்தும், வரைபடம் முழுவதும் பிழையாகிவிடும்.

தொகுப்பு மென்பொருளில் நிகழும் பிழை

சம இடைவெளிக் காலக்கோடு கொண்ட மென்பொருள், மாறும் வீதக் கோப்பை ஏற்றும்போது, அதற்கு ஒரே ஒரு வீதத்தைச் சூட்ட முயல்கிறது. கோப்பின் தலைப்பில் கூறப்பட்ட வீதத்தை எடுத்துக்கொள்வது ஒரு வகை. மொத்தச் சட்டகங்களை மொத்த நேரத்தால் வகுத்துச் சராசரியை எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டு வகையும் இருவேறு விதமான பிழைகளைத் தருகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு தெளிவாகக் காட்டும்.

மாலை வெளிச்சத்தில் தொடங்கி இருளில் முடியும் ஒரு மணி நேரப் பதிவில், முதல் 40 நிமிடம் செக்கனுக்கு 30 சட்டகமும், பிந்திய 20 நிமிடம் 24 சட்டகமும் பதிவானதாகக் கொள்வோர், முதற்பகுதியில் 72,000 சட்டகங்களும் இரண்டாம் பகுதியில் 28,800 சட்டகங்களுமாக மொத்தம் 1,00,800 சட்டகங்களைப் பெறுவர். மென்பொருள் இதனை 30 என்று கருதினால், 40ஆவது நிமிடம் வரை ஒரு குறையும் தோன்றாது. அதன்பின் படம் ஒலியை முந்தத் தொடங்கி, 56ஆவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஒலியோ இன்னும் 4 நிமிடம் ஒலித்துக்கொண்டிருக்கும். மென்பொருள் சராசரியான 28ஐ எடுத்துக்கொண்டால், தொடக்கமும் முடிவும் சரியாகப் பொருந்தும்; ஆனால் 40ஆவது நிமிடத்தில் நிகழ்ந்த காட்சி 42 நிமிடம் 51 செக்கனில் தோன்றும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சோதித்த தொகுப்பாளர், இடையில் ஏறத்தாழ மூன்று நிமிடம் விலகி நிற்கும் பிழையைக் காணாமலே வேலையை முடித்துவிடக்கூடும்.

நடைமுறையில் விலகல் பெரும்பாலும் இவ்வளவு பெரிதாக இராது; ஆயினும் மனிதப் புலன்கள் மிகச் சிறிய விலகலையும் கண்டுபிடிக்கின்றன. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தை ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் முந்தினாலோ, 125 மில்லிசெக்கன் பிந்தினாலோ பார்ப்போர் அதனை உணரத் தொடங்குகின்றனர். இரண்டு எல்லைகளும் சமமாக இல்லாததை இயற்கையின் வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் மட்டுமே செல்வதால், வீதியில் 34 மீட்டர் தொலைவில் நிற்பவருக்குத் தவிலோசை 100 மில்லிசெக்கன் பிந்தியே கேட்கிறது. பிந்தி வரும் ஒலிக்கு மூளை பழகியிருக்கிறது, முந்தி வரும் ஒலியோ இயற்கையில் இல்லாதது. செக்கனுக்கு 25 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்தின் ஆயுள் 40 மில்லிசெக்கன். எனவே ஒலி இரண்டே சட்டகம் முந்தினாலும் பார்ப்பவருக்கு ஏதோ பொருந்தவில்லை என்று படும். பேசுபவரின் உதட்டசைவைவிடத் தவிலில் இது கூர்மையாகத் தெரியும். இடக்கைக் கழியும் வலக்கை விரல்களிலுள்ள கூடுகளும் தோலைத் தொடும் கணம் கண்ணுக்கு அவ்வளவு திட்டமாகப் புலப்படுகிறது.

குறையை இனங்காணுதல்

படமும் ஒலியும் விலகுவதெல்லாம் மாறும் வீதத்தால் வருவதன்று. தவறான மருந்து நோயைக் கூட்டும் என்பதால், விலகலின் வடிவத்தை முதலில் அறிய வேண்டும். அதற்குப் பதிவின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலாவது, கைத்தட்டலோ தவில் அடியோ போன்ற ஒரு திட்டமான ஓசையைத் தெரிந்தெடுத்து, அதன் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பது போதும்.

விலகல் மூன்று இடத்திலும் ஒரே அளவாக இருந்தால், அது வெறும் தாமதம். கம்பியில்லா ஒலிவாங்கிகள் போன்றவற்றால் வருவது. ஒலித்தடத்தை அந்த அளவு நகர்த்தினால் தீர்ந்துவிடும். விலகல் நேரத்தோடு சீராக வளர்ந்தால், இரண்டு நிலையான வேகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பொருள். ஒலியைத் தனிப் பதிவுக் கருவியில் எடுத்திருந்தால், இரு கருவிகளின் குவாட்ஸ் பளிங்குக் கடிகாரங்களும் பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெக்கன் விலகும். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி 1953இல் ஏற்ற 29.97 என்ற வீதமாக, 30 சட்டகப் பதிவைத் தவறாகக் கருதினாலோ, மணிக்கு 3.6 செக்கன் விலகும். இவ்வகைக் குறைக்கு ஒலியைச் சற்று நீட்டுவதோ சுருக்குவதோ, வீதத்தைத் திருத்திச் சொல்வதோ முறையான தீர்வாகும். விலகல் ஓரிடத்தில் வளர்ந்து, ஓரிடத்தில் தேய்ந்து, ஓரிடத்தில் மறைந்து ஒழுங்கற்று அலைந்தால், அதுவே மாறும் சட்டக வீதத்தின் அடையாளம். இதற்கு ஒலியை நீட்டுவது பயன் தராது. முந்தைய எடுத்துக்காட்டில், ஒலியை எவ்வளவு நீட்டினாலும் 40ஆவது நிமிடமும் 60ஆவது நிமிடமும் ஒருசேரப் பொருந்தமாட்டா.

ஐயத்தைத் தீர்க்க, கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. அதில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரிக்கு எதிரே வேரியபிள் என்று இருந்தால் வீதம் மாறுகிறது என்று பொருள்; அதன் கீழே மிகக் குறைந்த வீதமும் மிகக் கூடிய வீதமும் தரப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டிவிடும். தொகுப்பைத் தொடங்குமுன் ஒவ்வொரு கோப்பையும் இவ்வாறு சோதிப்பது சில நிமிட வேலைதான். தொகுத்து முடித்தபின் கண்டுபிடித்தால், வெட்டிய இடங்கள் அனைத்தையும் மீண்டும் வெட்ட நேரிடும்.

சீர்செய்யும் முறை

தீர்வின் சாரம் ஒன்றே: நேரக் குறிப்பை மதிக்கும் ஒரு மென்பொருளைக் கொண்டு, கோப்பை நிலையான வீதத்துக்கு மாற்றி, மாற்றிய பிரதியைத் தொகுப்பில் ஏற்றுவது. மாற்றும் மென்பொருள் சமமான கட்டங்கள் கொண்ட ஒரு புதிய கால வரிசையை வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்நேரத்துக்குரிய சட்டகத்தை வைக்கிறது. உரிய சட்டகம் இல்லாத இடத்தில் முந்தியதை மீண்டும் இடுகிறது. ஒரே கட்டத்துக்கு இரண்டு வந்தால் ஒன்றை விடுகிறது. மேற்காட்டிய பதிவை 30க்கு மாற்றினால், முதல் 40 நிமிடம் உள்ளபடியே இருக்க, இறுதி 20 நிமிடத்தில் நான்கு சட்டகங்களுக்கு ஒன்று வீதம் இரட்டித்து ஐந்தாகும். அருகிலுள்ள கட்டத்தில் வைக்கப்படும் சட்டகம் தன் உண்மையான நேரத்திலிருந்து விலகக்கூடிய அளவு ஏறத்தாழ அரைச் சட்டகம், அதாவது 17 மில்லிசெக்கன் மட்டுமே. இது புலன் உணரும் எல்லைக்குள் வராதது. இன்னும் முக்கியமாக, அந்தச் சிறு விலகல் அடுத்த சட்டகத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. ஒவ்வொரு சட்டகமும் தன் சொந்த நேரக் குறிப்பாலேயே இடம்பெறுவதால், மூன்று மணி நேரப் பதிவின் இறுதியிலும் பிழை அந்த அளவைத் தாண்டாது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இவ்வேலைக்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் வீடியோ பகுதியில் வீதத்தை 25 என்றோ 30 என்றோ எண்ணாகவே தெரிவுசெய்து, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைக் குறிக்க வேண்டும். பீக் ஃபிரேம்ரேட் என்ற தெரிவு உச்ச எல்லையை மட்டும் கட்டுப்படுத்தி, மாறும் வீதத்தை அப்படியே விட்டுவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக்கும் இதைச் செய்யும். அது எம்பி4 கோப்பை எழுதும்போது இயல்பாக மாறும் வீதத்தை அனுமதிப்பதால், நிலையான வீதம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும். இலவசத் தொகுப்பு மென்பொருள்களான ஷாட்கட்டும் கேடென்லைவும் மாறும் வீதக் கோப்பை ஏற்றும்போதே எச்சரித்து, தொகுப்புக்கு ஏற்ற வடிவமாக மாற்றித் தர முன்வருகின்றன. அடோப் பிரீமியர் புரோ, படம் ஒலியோடு ஒன்றியிருக்க வேண்டுமா, அசைவு வழுவழுப்பாக இருக்க வேண்டுமா என்று தெரிவுசெய்ய இடமளிக்கிறது. இசையும் பேச்சும் உள்ள பதிவுக்கு முதலாவதே உரியது.

எந்த வீதத்துக்கு மாற்றுவது என்பதில் பொதுவிதி, பதிவின் பெரும்பகுதி எந்த வீதத்தில் உள்ளதோ அந்த வீதத்துக்கு என்பதே. 30 சட்டகப் பதிவை 25க்கு மாற்றினால் ஆறில் ஒன்றைக் கைவிட நேர்வதால், தேர் நகர்வது போன்ற சீரான அசைவுகளில் மெல்லிய தடக்கம் தெரியும். அசைவின் திசையைக் கணித்து இடைச் சட்டகங்களைப் புதிதாகப் படைக்கும் நுட்பம் அந்தத் தடக்கத்தைக் குறைக்கும். ஆயினும் விரைந்து விழும் கழியையும் காற்றில் அலையும் கொடியையும் தீச்சுடரையும் அது பலமுறை சிதைத்துக் காட்டுகிறது. நிகழாத ஒரு கணத்தின் படத்தைக் கணினி இட்டு நிரப்புவது, ஆவணமாகப் பேணவேண்டிய பதிவுக்குப் பொருந்தாது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் கட்டாயம் இல்லாதவிடத்து, 30 என்று எடுத்ததை 30 என்றே நிலைநிறுத்துவது நன்று.

மாற்றும்போது படத் தரம் குன்றாதிருக்கவும் கருத வேண்டும். எச்.264 என்ற படச் சுருக்க முறையில், 0 முதல் 51 வரையிலான தர எண்ணில் குறைந்த எண் உயர்ந்த தரத்தைக் குறிக்கும். 18 அளவில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. இடைநிலை வடிவங்களான புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். ஆகியவை தரத்தை இன்னும் நன்றாகக் காத்து, தொகுப்பையும் இலகுவாக்குகின்றன; ஆனால் முழு எச்.டி. அளவில் 30 சட்டகப் புரோரெஸ் 422 கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 ஜிகாபைட் இடம் கொள்வதால், ஒரு மணி நேரத்துக்கு 66 ஜிகாபைட் வேண்டும். சாதாரணக் கணினி வைத்திருப்போருக்கு உயர்தர எச்.264 போதுமானது.

பதிவின்போதே காக்கும் வழி

எடுக்கும்போதே வீதத்தைக் கட்டுக்குள் வைப்பது, பின்னர் திருத்துவதினும் சிறந்தது. ஐஃபோனில் ஆட்டோ எஃப்.பி.எஸ். என்பதை நிறுத்தலாம், பால் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 சட்டக வீதமும் கிடைக்கும். பிளாக்மேஜிக் கமரா போன்ற இலவசச் செயலிகள், சட்டக வீதத்தையும் ஒளி படும் நேரத்தையும் பூட்டிவைக்க உதவுகின்றன. கருவியை நிழலில் வைத்திருப்பதும், தேவையற்ற செயலிகளை மூடுவதும், நினைவகத்தில் போதிய இடம் விடுவதும் சட்டகங்கள் கைவிடப்படுவதைக் குறைக்கும். இத்தனை செய்தாலும் தொலைபேசிக் கோப்பில் சிறு மாறுபாடுகள் எஞ்சலாம் என்பதால், சோதிக்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால், அதனில் இயங்கும் பல மின்குமிழ்கள் செக்கனுக்கு 100 முறை மினுங்குகின்றன. கண் இதனை உணராவிட்டாலும், ஒளி படும் நேரம் அந்த மினுக்கத்தோடு பொருந்தாதபோது கமராவில் இருண்ட பட்டைகள் ஓடும். 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கு உகந்த 1/60 செக்கனை விடுத்து, 1/50 அல்லது 1/100 செக்கனாக வைத்தால், ஒவ்வொரு சட்டகமும் மினுக்கத்தின் முழுச் சுற்றுகளையே பெறுவதால் பட்டைகள் மறையும். செக்கனுக்கு 25 சட்டகமும் 1/50 செக்கன் ஒளிநேரமும் சேர்ந்த அமைப்பு, அலங்கார மின்விளக்குகள் நிறைந்த இந்நாட்டுத் திருவிழா வீதிகளுக்கு மிகப் பொருத்தமானது.

மூலப்பிரதியின் மதிப்பு

மாற்றிய பிரதி வேலைக்குரியது. தொலைபேசி எழுதிய முதற்கோப்பே ஆவணத்துக்குரியது. மாற்றத்தின்போது சட்டகங்கள் இரட்டிக்கவும் கைவிடவும் படுவதோடு, ஒவ்வொரு சட்டகமும் எடுக்கப்பட்ட துல்லியமான நேரக் குறிப்பும் அழிந்துவிடுகிறது. கையால் சுழற்றிய மௌனப் படங்களின் வேகத்தை இன்று ஊகிக்க வேண்டியிருப்பது, அந்நாளில் நேரத்தைக் குறிக்க வழியில்லாததால் நேர்ந்த இழப்பு. இன்றோ அந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது, அதனைப் பேணாமல் விடுவதற்கு நியாயம் இல்லை. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் ஒளிப்பதிவாக அனுப்பும்போது கோப்பு மீண்டும் சுருக்கப்பட்டுவிடுவதால், மூலத்தை அனுப்ப வேண்டியவர்கள் அதனை ஆவணமாக இணைத்து அனுப்புவதோ, வன்தட்டில் நேரடியாகப் பிரதியெடுப்பதோ நல்லது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பல்லூடக ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் போன்ற முயற்சிகளின் மதிப்பு, அவற்றுக்கு ஊர்களிலிருந்து சென்றுசேரும் பதிவுகளின் தரத்தைப் பொறுத்ததே ஆகும்.

ஒரு தவில் வாசிப்பைப் பதிவாக மட்டும் கண்டு கற்க விரும்பும் மாணவருக்கு, எந்தச் சொல் எந்த விரலால், கழியின் எந்த வீச்சால் எழுந்தது என்பதைக் காட்டுவது படமும் ஒலியும் ஒன்றியிருக்கும் அந்தச் சேர்க்கையே. அது பிரிந்தால் பதிவு பார்க்கத்தக்கதாக இருக்கலாம், கற்கத்தக்கதாக இராது. ஆதலால் ஊர் நிகழ்வுகளைத் தொகுப்போர் ஒவ்வொருவரும், மூலக்கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமித்து, அதன் வீதத்தைச் சோதித்து, நிலையான வீதத்துக்கு மாற்றிய பிரதியில் மட்டும் வேலை செய்து, வெளியிடுமுன் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் பொருத்தத்தைச் சரிபார்ப்பதை மாறாத நடைமுறையாகக் கொள்ள வேண்டும்.